ஜெராக்ஸ் அக்காவின் இடது கை

ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள், ஜெராக்ஸ் அக்காவின் இடது கை மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அன்றைக்கு வெயில் கொஞ்சம் அதிகம், காற்று இல்லை, குழாயில் தண்ணீர் வழக்கம்போலக் காலை ஆறு முதல் எட்டு வரை வந்து நின்றது. நின்ற பிறகும் எங்கோ தண்ணீர் ஓடுகிறது என்று தெருவில் நான்கு பேர் வந்து வால்வுக்காரரிடம் புகார் சொன்னார்கள். அந்தப் பகுதிக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர்தான். நெஞ்சளவு உயரமுள்ள இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போய், குழிக்குள் இருக்கும் வால்வுகளைத் திருகித் திறப்பதும் மூடுவதும் அவருக்கு இருபத்தாறு வருட வேலை. எங்கே கசிகிறது என்பதைத் தரையில் காது வைத்துச் சொல்லிவிடுவார். அன்றைக்கும் தெருவின் ஒரு கோடியிலிருந்து குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் தன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே அவருடைய மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளையோ வந்து மடியில் ஏறிக்கொண்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் அந்த மணிக்கட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஜெராக்ஸ் அக்கா என்பது ஊர் வைத்த பெயர். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு பைண்டிங் மெஷினும் வைத்துக்கொண்டு, பத்திரம், மார்க் ஷீட், ஜாமீன் மனு என்று ஊரிலுள்ள கவலைகளுக்கெல்லாம் அவள் நகல் எடுத்துக் கொடுத்துவந்தாள். நாற்பத்தேழாவது வயதில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல், வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், மெஷினோடு சேர்ந்து படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முதலில் கழுத்தில் ஒரு டியூப் போட்டு ஆரம்பித்தார்கள். அந்த டியூப் வழியே கிருமி நுழைந்து, இரண்டு மாதத்தில் இரண்டு தடவை குளிர்ஜுரம் கண்டு அவளுக்குப் பல் கிட்டிப்போயிற்று. மூன்றாவது தடவை வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் வால்வுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். டியூபை எடுக்க வேண்டுமென்றால் கையில் ஃபிஸ்டுலா, அதாவது ரத்தக்குழாய் இணைப்பு ஒன்று, போட்டாக வேண்டும். வலது கை ஊசி குத்திக் குத்தி வீணாகிவிட்டிருந்தது. மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான்.

ஆபரேஷன் செய்தவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஒட்டு டாக்டர் என்பார்கள். தலைமுடி மாதிரியான நூலால் ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயை ஒட்டிவைக்கிற கை அவருக்கு. இதயத்திலிருந்து அடித்துக்கொண்டு வரும் தமனியை, சோம்பலாகத் திரும்பிப் போகும் சிரையோடு மணிக்கட்டில் சேர்த்துத் தைத்தார். "சிரைக்குச் சுவர் மெல்லிசு. அதுக்கு இதுவரைக்கும் வேலை இல்லை. இப்போ திடீர்னு வெள்ளம் வருது. உள்சுவரை ரத்தம் உரசிக்கிட்டே ஓடும். உரசல் அதிகமானா சுவர் விலகிக் கொடுக்கும், உரசல் பழைய அளவுக்கு வர்ற வரைக்கும் விலகும். அழுத்தம் தாங்கறதுக்காகத் தடிக்கவும் செய்யும். ஆறு வாரத்துல அது கிட்டத்தட்ட ஒரு தமனி ஆயிடும். பிறகு மெஷின் ஊசியை அதுலயே குத்தலாம், கழுத்து டியூபைக் கழட்டிடலாம்" என்றார். வால்வுக்காரர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். மனசுக்குள் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. அவர் கையாண்ட குழாய்களில் ஒன்றுகூட, எவ்வளவு தண்ணீர் விட்டாலும், ஒரு மயிரிழை பெருத்ததில்லை. துருப்பிடித்து உள்ளுக்குள் சுருங்கத்தான் தெரியும் அவற்றுக்கு.

ஆனால் அக்காவின் சிரை பெருத்தது. முதல் வாரம் பென்சில் கோடு, இரண்டாம் வாரம் சுண்டுவிரல். தொட்டால் விரல் நுனியில் விறுவிறுவென்று ஓர் அதிர்வு ஏறும். டயாலிசிஸ் யூனிட் சிஸ்டர் அதற்கு 'த்ரில்' என்று பெயர் சொல்லி, தினமும் காலையில் தொட்டுப் பார்த்து அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சொன்னாள். தொட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. சந்து முனையில் வரும்போதே கேட்டது. வீட்டில் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு நடை இருந்தது, இரண்டே கால் அடி அகலம், எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும், கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தோடு அக்கா அதில் போய்வரப் போய்வர, இரண்டு சுவரும் விலகிக்கொண்டே வந்தன. வால்வுக்காரர் டேப் வைத்து அளந்தார். பதினாறாம் நாள் நான்கரை அடி. விரிசல் இல்லை, சுண்ணாம்பு உதிரவில்லை. இடம் வீணாவானேன் என்று முன்னறையிலிருந்த இரும்புப் பீரோவை நகர்த்தி அங்கே வைத்தார்கள்.

பரிசோதனைக்குப் போன அன்றைக்கு வால்வுக்காரர் டேப்பை எடுத்துக் காட்டி விவரம் சொன்னார். ஒட்டு டாக்டர் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கருவிலிருக்கும் குழந்தையைப் பற்றிச் சொன்னார். "இதயம் துடிக்க ஆரம்பிக்கும்போது ரத்தக்குழாய் எதுவும் முடிவாகி இருக்காது. மெல்லிசா ஒரு வலை இருக்கும், அவ்வளவுதான். எல்லா இழையும் ஏறத்தாழ ஒரே அளவு. எதுல ஓட்டம் நல்லா போகுதோ அது பெரிசாகும். எதுல ஓட்டம் இல்லையோ அது மூடிக்கும். யாரும் இங்கதான் பெரிய குழாய், அங்கதான் சின்னதுன்னு ஒவ்வொண்ணா அளந்து வைக்கறதில்லை. ஓட்டமே பாதி வேலையைச் செஞ்சுக்குது. வளர்ந்த பிறகும் அப்படித்தான். ஒரு வழி அடைஞ்சிட்டா, ஒரு பக்கம் அழுத்தமும் மறுபக்கம் தேவையும் இருந்தா போதும், நடுவுல இருக்கிற நூல் வழியெல்லாம் ரோடாயிடும்." திரும்பி வரும்போது பஸ்ஸில் வால்வுக்காரர் கண்டக்டரையும், கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கிவழிந்தவரையும், ஜன்னலோரம் கடலை கொறித்த பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் ஊர் அளவுக்குக் குழாய் போடப்பட்டிருக்கிறது, போட்டது அவரவர் ரத்தம், அதுவும் பிறப்பதற்கு முன்னாலேயே. ஒரு ஃபிட்டர் கிடையாது, ஒரு பள்ளம் தோண்டவில்லை. அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டார்.

தெருவுக்கு இந்தச் சிலிர்ப்பெல்லாம் இல்லை. மாடியில் குடியிருந்த காவலாளி ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மூன்றாம் வாரம் அவர் கண்ணெல்லாம் சிவந்து கீழே இறங்கி வந்தார். "அக்காவைக் குறை சொல்லலைண்ணே. ஆனா தலையணைக்குள்ள மோட்டார் ஓடுற மாதிரி இருக்கு. கண்ணை மூட முடியலை." அக்காவுக்கு இது சுருக்கென்று தைத்தது. கையைப் போர்வைக்குள் வைத்துப் பார்த்தாள், இரண்டு தலையணைக்கு நடுவே சொருகிப் பார்த்தாள். அவளுக்குமே பதினோரு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. "என் உடம்பு எனக்கு மட்டும் கேட்டா போதாதா? ஊருக்கெல்லாம் கேட்கணுமா?" என்று ஒரு மத்தியானம் வாய்விட்டு அழுதாள். அழுத களைப்பில் அப்படியே கட்டிலில் கண் அசந்தாள், கை மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வால்வுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். குழாய் இரைகிறது என்றால் தேவைக்கு மேல் வேகம் இருக்கிறது என்று அர்த்தம், அவருடைய தொழிலில் அதற்கு வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: வால்வைக் கால் சுற்று மூட வேண்டும். இரைச்சல் நிற்கும், தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். பத்தாயிரம் தடவை செய்த வேலை. அந்தக் கையில் வாட்ச் கூடாது, வளையல் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை அக்கா லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருந்தாள். அவரும் படித்திருந்தார். துண்டு என்று அதில் எழுதியிருக்கவில்லை. மெத்தென்ற பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து, மூன்றாக மடித்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே சுற்றினார். ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டு, காதைக் கிட்டே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். சத்தம் மெலிந்து, கீச்சென்று உயர்ந்து, நின்றது. தெரு முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டது. மாடியில் காவலாளி குறட்டை விட ஆரம்பித்தார். அக்காவின் முகம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவளும் ஆழ்ந்து தூங்கினாள். அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு அப்படி ஒரு நிறைவு. டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

டம்ளர் காலியாவதற்குள் நடையிலிருந்து இரும்பு நெளிகிற சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், இரண்டு பக்கச் சுவரும் பீரோவை நெருக்கிக்கொண்டிருந்தன. கதவு குழிந்து, கண்ணாடி கீறல் விட்டிருந்தது. ஓடிவந்து துண்டை அவிழ்த்தார். மணிக்கட்டில் விரலை வைத்தார். காதை வைத்தார். மறுபடி விரலை வைத்தார். ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் மூடிய வால்வைத் திறந்தும் தண்ணீர் வராதது அதுதான் முதல் தடவை. அக்கா விழித்துக்கொண்டு கையைத் தொட்டுப் பார்த்தாள். "நின்னு போச்சுங்க" என்றாள். பிறகு தானாகவே, "கை மேல படுத்துத் தூங்கிட்டேன் போலிருக்கு" என்றாள். வால்வுக்காரர் துண்டைச் சுருட்டித் துவைக்கிற வாளிக்குள் அமுக்கிவிட்டு, வண்டி பிடிக்க ஓடினார்.

ஒட்டு டாக்டர் இரண்டு மணி நேரம் போராடினார். ரத்தக் கட்டியை உறிஞ்சி எடுத்தார், மருந்து விட்டார், ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உறைந்துகொண்டது. ஓட்டம் நின்ற சிரை அப்போதே சுருங்க ஆரம்பித்துவிட்டது. வேறு இடத்தில் போடலாமென்றால் போடுவதற்குக் குழாய் இல்லை. கழுத்து டியூபைச் சுற்றி மறுபடி சிவந்திருந்தது. "ஒரு வாரம் பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று வால்வுக்காரருக்குத் தெரியும். குடிதண்ணீர் வராத தெருக்களுக்கு அவரும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது பக்கம் அவர் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் வலது கையின் மேல் வைத்து, மணிக்கட்டோடு மணிக்கட்டைப் பொருத்திக்கொண்டார். ஓட்டம் திரும்பினால் முதலில் தனக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் தேவை என்று டாக்டர் சொன்னது உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. செய்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆயிரம் தடவை வாயைத் திறந்து மூடினார். சாப்பாட்டை இடது கையால் சாப்பிட்டார். சனிக்கிழமை தண்ணீர் திறக்க ஆள் வரவில்லையென்று ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வந்தது, எடுக்கவில்லை. அவருடைய நாடி அவள் தோலில் போய் முட்டிக்கொண்டே இருந்தது, நிமிடத்துக்கு எழுபத்தெட்டு தடவை, மூன்று நாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தவர், எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்தார். ஈரமான இரண்டு காகிதம் ஒட்டிக்கொள்வது மாதிரி இரண்டு மணிக்கட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வலி இல்லை. ஒட்டிய இடத்தில் தோலுக்கடியில் ஊதா நிறத்தில் ஓர் இழை ஓடியது. மத்தியானத்துக்குள் அது நூல் ஆயிற்று, மறுநாள் காலை சணல் கயிறு ஆயிற்று. பீரோவை இறுக்கிப் பிடித்திருந்த சுவர்கள் விட்டுக்கொடுத்தன. மாடியிலிருந்து காவலாளி இறங்கி வந்து, கதவோரம் நின்று, சத்தத்தைக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அதற்குப் பிறகு அவர் தூக்கத்தைப் பற்றிப் புகார் சொன்னதே இல்லை.

ஆஸ்பத்திரியில் இருவரையும் ஒரே கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். லேபில் அவருடைய ரத்தம் பி பிரிவு, அவளுடையது ஏ பிரிவு என்று வந்தது. சேரக் கூடாதது சேர்ந்ததற்கு இருவரும் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்று தடவை சோதித்தும் அதே விடை வந்ததால், அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "இருபத்திரண்டு வருஷமா எதுலதான் எங்களுக்குப் பொருந்திச்சு, இதுல பொருந்த?" என்றாள் அக்கா. சிஸ்டர் சிரித்துக்கொண்டே மெஷினைத் தயார் செய்தாள். தயார் செய்த மெஷினை ஓட்ட வேண்டியிருக்கவில்லை. அக்காவின் ரத்தத்தில் உப்பு, யூரியா, கிரியாட்டினின் எல்லாமே இறங்கிக்கொண்டிருந்தன. வால்வுக்காரருடைய சிறுநீரகங்கள் இரண்டு பேருடைய வேலையையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டுவிட்டன. அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை பாத்ரூமுக்குப் போனார், அக்கா பக்கத்திலேயே கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு அவசரப்படுத்தினாள். கழுத்து டியூபைக் கழற்றினார்கள். ஜுரம் வரவில்லை.

டியூபைக் கழற்றிய அன்றைக்குத்தான் சிஸ்டர் பைலில் எழுதுவதற்காகக் கேட்டாள். "முன்னாடி அடைச்சுதே, அன்னிக்குக் கையில எதுவும் இறுக்கமா கட்டினீங்களா அக்கா?" அக்கா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் மணிக்கட்டில் ரத்தம் குபுகுபுவென்று வந்து மோதியது. வால்வுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், ரத்தத்தை எப்படித் திருப்புவது? அக்கா சிஸ்டரிடம், "தெரியலையே" என்றாள். வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள். "கட்டினது நீங்கதானே?"

"ஆமா."

"எதால?"

"துண்டால. நீ தூங்கணும்னுதான்..." அவர் குழந்தை மாதிரி அழுதார்.

மூன்று நாள் அக்கா அவரோடு பேசவில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக முடியாத கோபம் எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அறுந்துவிடும் என்று அவர் பதறினார். அறவில்லை, ஒட்டியிருந்த தோல் பிரிந்து, நடுவே இருந்த குழாய் ஒரு சாண் நீண்டுகொடுத்தது. அடுத்த நாள் அவள் இழுத்த இழுப்பில் இரண்டு முழம். மூன்றாம் நாள் அவள் சமையலறையிலும் அவர் முன்னறையிலும் இருந்தார்கள், நடை வழியாகக் குழாய் கிடந்தது, கட்டைவிரல் தடிமனில், வெதுவெதுப்பாக, மேலே ஒரு பூந்தோல் மூடி. ஒட்டு டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, இழுபட்டால் ரத்தக்குழாய் நீளத்தான் செய்யும், வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பு முன்னால் போகப் போக இது பின்னாலேயே நீண்டு போவதில்லையா என்றார். நாலாம் நாள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அன்னிக்கு நல்லாத்தான் தூங்கினேன். பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுக்காக உங்களை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க." வால்வுக்காரர் இங்கிருந்தே தலையாட்டினார். அவள் பார்க்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒட்டு டாக்டர் இருவரையும் வரச் சொன்னார். வால்வுக்காரருடைய ரத்த ஓட்டத்தால் அக்காவின் கையில் பழைய சிரை முழுக்க விழித்து, முழங்கை வரை பெருத்து, சொந்தத் தமனியோடு நன்றாகச் சேர்ந்திருந்தது. இனி நடுவே இருக்கும் குழாயை வெட்டிவிடலாம், அக்கா மெஷினுக்கு வரலாம், இவர் விடுதலையாகலாம். வெட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் இடுக்கி போட்டுப் பார்க்க வேண்டும், அவள் கை தனியாகத் தாங்குகிறதா என்று. இடுக்கியை டாக்டர் கையில் எடுத்தபோது வால்வுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒருமுறை அடைத்தவருக்கு இன்னொரு முறை அடைப்பதைப் பார்க்கத் தெம்பில்லை. குழாயின் மேல் இடுக்கி விழுந்தது. அக்காவின் கை இரைந்தது, நிற்கவில்லை. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து. தனியாக, தெளிவாக, கண்ணாடி டம்ளர் அதிரும்படி இரைந்தது. சிஸ்டர் கைதட்டினாள். அவள் பிழைத்துக்கொண்டாள் என்பது அந்த நொடியில்தான் வால்வுக்காரருக்கு உறுதிப்பட்டது. கத்தியை எடுக்கலாமா என்று டாக்டர் கேட்டார். அக்கா கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சொல்ல உரிமை இல்லை" என்றார் அவர்.

"பத்து நிமிஷமா நீங்க என்ன நினைக்கிறீங்கன்னே எனக்குத் தெரியலை" என்றாள் அக்கா. "எனக்கு இது பிடிக்கலை." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "இடுக்கியை எடுத்துடுங்க சார். அது பாட்டுக்கு நீளட்டும். இவர் வேலைக்குப் போகணும், நான் கடையைத் திறக்கணும்." இடுக்கியை எடுத்ததும் வந்த வேகத்தில் அவள் நாற்காலியோடு ஓர் அங்குலம் நகர்ந்தாள். அந்த வேகத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முகம் மட்டும் நனைந்துபோயிற்று.

பதினொரு வருடமாகிறது. முதல் வருடம் குழாய் சந்து முனை வரை நீண்டது, இரண்டாம் வருடம் கோர்ட் வரை. இப்போது ஊருக்கு வெளியே பம்பிங் ஸ்டேஷன் வரை நான்கு கிலோமீட்டர் போகிறது. அழுத்தம் தாங்கித் தாங்கிக் குழாயின் சுவர் நன்றாகத் தடித்துவிட்டது. சுவரோரமாகவும் ஜன்னல் கம்பிகளுக்கு மேலாகவும் செல்கிறது, தெருவைக் கடக்கும் இடங்களில் கம்பம் நட்டுத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். துணி காயப்போடுகிறவர்கள் குனிந்து போகிறார்கள், வக்கீல்கள் அங்கியைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிறார்கள். குளிர்காலத்தில் பல்லிகள் வரிசையாக அதில் ஒட்டிக்கொள்கின்றன. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வர வர அக்கா அதைச் சுருட்டிச் சுருட்டி ஓர் அகன்ற கூடையில் போடுகிறாள். வால்வுச் சாவியை இடது கையால் திருக அவர் பழகிவிட்டார். குடிநீர் ஆபீஸ் வரைபடத்தில் தண்ணீர் லைன் நீலம், கழிவு லைன் கறுப்பு, இது சிவப்பு. ரோடு தோண்ட வருகிறவர்கள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரையை ஓங்காமல் கையால் மண்ணை எடுக்கிறார்கள். மெஷினுக்கு அக்கா ஒரு தடவைகூடப் போகவில்லை. சண்டைகள் வழக்கம்போல நடக்கின்றன, நான்கு கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் நடக்கின்றன.

போன மாதம் பம்பிங் ஸ்டேஷனுக்குப் புதுக் குழாய்கள் ஏற்றிக்கொண்டு வெளியூர் லாரி ஒன்று வந்தது. வாசலில் குறுக்கே தொங்கியதைப் பார்த்து டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். மாடி வீட்டுக் காவலாளிக்கு இப்போது அங்கேதான் பகல் ஷிஃப்ட். "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க" என்றார் அவர், காரணம் சொல்லாமல். இன்ஜின் நின்றதும் டிரைவருக்கு அந்த இரைச்சல் கேட்டது. கையை நீட்டி லேசாகத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது, சீராகத் துடித்தது. திடீரென்று அது துள்ளியது, மறுபடி துள்ளியது, தொடர்ந்து குலுங்க ஆரம்பித்தது. டிரைவர் பயந்துபோனார். "என்னங்க இது, இப்படித் துடிக்குது? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

குழிக்குள் குனிந்து வால்வைத் திறந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணும் இல்லை தம்பி" என்றார். "அங்க கடையில சிரிக்கிறாங்க."

டிரைவர் கையை எடுக்காமல் நின்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு காவலாளி நீளமான கொம்பு ஒன்றால் குழாயை உயர்த்திப் பிடிக்க, லாரி அதற்கடியில் மெதுவாக உள்ளே போயிற்று.